நாற்பது லட்சம் ‘சரிங்க ஐயா’

பணி ஓய்வு பெறும் நாளன்று ஒரு மனிதர் எதை மறந்தாலும் மூக்குக் கண்ணாடியை மட்டும் மறக்கக்கூடாது. அருமைநாயகம் மறந்தார். புதுச்சட்டை போட்டிருந்தார், மகள் வாங்கி அனுப்பிய செருப்பு போட்டிருந்தார், ஏற்புரைக்கான குறிப்புகளைக்கூட நினைவாகச் சட்டைப் பையில் வைத்திருந்தார். கண்ணாடி மட்டும் குளியலறை ஜன்னலில் பத்திரமாக இருந்தது.

மூத்தோர் நல ஆணையத்தின் பெரிய கூட்ட அறை. எதிரே மூன்று அமைச்சர்கள். பக்கத்தில் ஆணையர் திரிபுரசுந்தரி. சுவர் முழுக்க ஒரு திரை. திரையில் ஒவ்வொரு ஓய்வூதியர் பெயருக்கும் நேராக இரண்டு பொத்தான்கள். பச்சையை அழுத்தினால் அவருடைய பதிலி பேசும். நீலத்தை அழுத்தினால் அவரே பேசுவார். இரண்டையும் ஒரே அளவில் ஒட்டி ஒட்டி வைத்தால்தான் பார்க்க அழகாக இருக்கும் என்று போன வருஷம் ஒற்றைக்காலில் நின்றவர் அருமைநாயகமேதான். கண்ணாடி இல்லாத கண்ணுக்குப் பச்சை என்ன, நீலம் என்ன.

“பதிலின்னா என்ன சார்? ரெண்டு வரில சொல்லுங்க” என்றார் அமைச்சர்களில் இளையவர். அவருக்கு மூன்று முறை சொல்லியாகிவிட்டது.

“ஒவ்வொரு ஓய்வூதியருக்கும் எங்க கம்ப்யூட்டருக்குள்ள ஒரு நிழல் இருக்கு ஐயா. அவங்க இத்தனை வருஷமா நம்மகிட்ட பேசினது அத்தனையும் படிச்சு வச்சிருக்கும். எதைக் கேட்டாலும் அவங்க என்ன சொல்வாங்களோ அதையே சொல்லும். நாற்பது லட்சம் பேர் வாசல்ல போய் நின்னு கேட்டா ரெண்டு வருஷம் ஆகும். இதுங்ககிட்ட கேட்டா, நீங்க டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள பதில் வந்துரும்.”

“அது செல்லுமா?”

“பதிலியோட சம்மதம் ஆளோட சம்மதம்” என்றார் ஆணையர். “சட்டமே இருக்கு, மினிஸ்டர். நீங்கதான் கை தூக்கினீங்க.”

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. நாளை முதல் தேதி. நாளையிலிருந்து மாதாமாதம் கையில் வரும் ஓய்வூதியம் நின்றுவிடும். பதிலுக்கு, ஊருக்கு வெளியே வரிசையாகக் கட்டி முடித்திருக்கும் நிறைவகங்களில் ஆளுக்கொரு அறை, மூன்று வேளைச் சாப்பாடு, மருந்து, மருத்துவர், எல்லாம் ஆயுள் முழுக்க அரசின் செலவு. சம்மதமா? நாற்பது லட்சம் பதிலிகளில் ஏறக்குறைய அத்தனையும் சம்மதம் என்று சொல்லிவிட்டன. அமைச்சர்கள் காதாரக் கேட்க ஒரே ஒரு பதிலியைப் பேசவிட்டுக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அருமைநாயகம் திரையில் கண்ணுக்குப் பட்ட ஒரு பெயரைத் தொட்டார். சம்பூர்ணம், எழுபத்தொரு வயது, பெண்கள் சிறையில் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர், செங்கல்பட்டு. பொத்தானை அழுத்தினார். மணி அடித்தது. பதிலிக்கு மணி அடிக்காது என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

“அலோ.”

“வணக்கம்மா. உங்களுக்கு மாசாமாசம் வர்ற பணத்துக்குப் பதிலா தங்க இடம், சாப்பாடு, வைத்தியம் எல்லாம்...”

“யார்ரா நீ?”

அமைச்சர்கள் நிமிர்ந்தார்கள். பின்னணியில் ஓர் ஆண் குரல், “யாரும்மா காலங்காத்தால?” என்றது.

“எவனோ வீடு தரானாம், சோறு போடறானாம்டா! இன்னாடா, என் பணத்தை அமுக்கப் பாக்கறியா? மலையாட்டம் புள்ள இருக்கான் எனக்கு. உன் ஆத்தா இருந்தா அவளைக் கொண்டுபோய் வை. போனை வைடா பொறுக்கி!”

இளைய அமைச்சர் வாய்விட்டுச் சிரித்தார். ஆணையர் சிரிக்கவில்லை. அறையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெனாசிர் எழுந்து வந்து, அருமைநாயகத்தின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி வேறு பொத்தானை அழுத்தினாள். பதிலிகளின் மென்பொருள் முழுக்க அவள் பொறுப்பு.

“லைன்ல சின்னக் கோளாறு” என்றாள்.

இப்போது மணி அடிக்கவில்லை. நேராகக் குரல் வந்தது. அதே குரல்தான், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் குரல். “ஐயா வணக்கமுங்க. சரிங்க ஐயா. அரசாங்கம் எது செஞ்சாலும் எங்க நல்லதுக்குத்தானுங்க. எனக்கு ஒரு குறையும் இல்லீங்க. உங்க புண்ணியம்.”

கைதட்டினார்கள். இளைய அமைச்சருக்குக் கண் லேசாகக் கலங்கக்கூடச் செய்தது.

வெளியே வராந்தாவில் பெனாசிர் அவரை நிறுத்தினாள். “சார், அது கோளாறு இல்ல. நீங்க நீலத்தை அழுத்தினீங்க. திட்டினது நிஜமான சம்பூர்ணம்.”

அருமைநாயகம் கூட்ட அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப ரெண்டாவது பேசினது?”

“அதுவும் சம்பூர்ணம்தான். நாம செஞ்ச சம்பூர்ணம்.”

செருப்புச் சத்தம் கேட்டது. ஆணையர். “நாயகம், மெய்ச்சான்று எங்கே?”

பதிலியும் ஆளும் ஒன்றையே சொல்கிறார்கள் என்று, அந்த முறையை உருவாக்கியவரே கையெழுத்திட்டுத் தரவேண்டிய சான்று அது. அது இல்லாமல் பதிலிகளின் சம்மதத்தை வைத்துத் துரும்பைக்கூட நகர்த்த முடியாது. அருமைநாயகத்தின் மின்கையொப்பமோ, ஓய்வு பெறும் எல்லா அரசு ஊழியர்களுடையதையும் போல, அன்று அலுவலகம் முடியும் ஐந்தே முக்காலுக்குத் தானாகச் செத்துப்போகும்.

“ஒரே ஒரு சந்தேகம் மேடம். அதைச் சரிபார்த்துட்டு...”

“பாருங்க. சாயங்காலம் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தும்போது கையோட போட்டுடுங்க. உங்க ஓய்வூதியக் கோப்பும் என் மேசையிலதான் இருக்கு. ரெண்டையும் ஒண்ணா முடிச்சிரலாம்.” புன்னகைத்தார். “சரிதானே?”

“எஸ் மேடம்.”

அவருடைய ஆய்வுக் கட்டுரைகளையெல்லாம் கூட்டினாலும், பணிக்காலத்தில் அவர் அதிக முறை வெளியிட்ட வாசகம் அதுதான்.

செங்கல்பட்டை நோக்கி ஜீப் தாம்பரத்தைத் தாண்டியது. வண்டி தானாகவே ஓடும் காலம்தான். ஆனாலும் அரசு வண்டி என்றால் இறங்கும்போது கதவைத் திறந்துவிட ஒரு டிரைவர் வேண்டும். ஏகாம்பரம் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் பெனாசிர்.

“பதிலிங்க எதைப் படிச்சு வளர்ந்துச்சு சார்?”

“உனக்குத் தெரியாததா? வருஷா வருஷம் நடக்கற நேர்காணல். உயிரோட இருக்கேன்னு காட்ட வருவாங்களே, அப்ப பேசினது மொத்தமும் பதிவாயிருக்கு. அப்புறம் குறைதீர் நாள்ல பேசினது.”

“நேர்காணல்ல எதிர்ல யார் உட்கார்ந்திருப்பாங்க?”

“அதிகாரி.”

“அவர் கைல?”

அருமைநாயகம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். “பேனா.”

“அந்தப் பேனா டிக் அடிக்கலைன்னா அடுத்த மாசம் பணம் வராது. அவர்கிட்ட போய் யார் சார் எனக்கு குறை இருக்குன்னு சொல்வாங்க?”

அவருக்கு அந்த மேசை நன்றாகத் தெரியும். இருபத்தேழு வயதில், கையில் கேள்வித்தாளோடு அந்த அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் அவர் தமிழ்நாட்டு மூத்தோரின் மனநிறைவை அளந்தார். வந்தவர்கள் அத்தனை பேரும் நிறைவாக இருந்தார்கள். உலகத்தில் வேறெங்கும் காணாத நிறைவு. அந்த ஆய்வு அவருக்கு டாக்டர் பட்டம் வாங்கித் தந்தது, ஜெனீவாவுக்கு அனுப்பிவைத்தது, மாப்பிள்ளை பெரிய படிப்பாளி என்று நம்பிய ஒரு மாமனாரையும் சம்பாதித்துக் கொடுத்தது. பேனாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஜெனீவாவில்கூட.

“அதை ஏன் நீ இவ்வளவு நாளா சொல்லலை?” என்றார்.

பெனாசிர் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். “நீங்க என் பாஸ், சார்.”

முன்சீட்டில் ஏகாம்பரம் இருமினார்.

சம்பூர்ணத்தின் வீட்டு வாசலில் ஜீப் நின்றதும் தெருவே கொஞ்சம் நேராக நின்றதுபோல இருந்தது. மகன் தில்லிபாபு மடித்துக் கட்டிய லுங்கியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஓடிவந்தான். நாற்பத்தைந்து வயது, பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. “வாங்க சார், உள்ள வாங்க, மேடம் நீங்களும்.” கலர் வாங்க யாரோ கடைக்கு ஓடினார்கள்.

சம்பூர்ணம் சுவரோரமாக நின்றாள். ஒட்ட வெட்டிய நரைமுடி, நிமிர்ந்த முதுகு. நின்ற விதத்தில் இன்னும் சீருடை இருந்தது.

“உட்காருங்கம்மா.”

“இருக்கட்டுங்க ஐயா.”

“காலையில போன் பண்ணினது நான்தான்.”

அவள் கைகளைக் கூப்பினாள். “ஐயா, மன்னிச்சிருங்க. லோன்காரனுங்கன்னு நெனச்சுட்டேன். தினம் ஒருத்தன் கூப்புடறான். பேர்ல ஏதும் எழுதிராதீங்க.”

“எழுத வரலைம்மா. கேக்கத்தான் வந்தேன். நிறைவகத்துக்குப் போக உங்களுக்குச் சம்மதமா? இல்லைன்னா இல்லைன்னு சொல்லலாம். ஒண்ணும் ஆகாது.”

“சரிங்க ஐயா.”

“எது சரி? போறதா, போகாததா?”

“நீங்க எது சொன்னாலும் சரிங்க. அரசாங்கம் எது செஞ்சாலும் எங்க நல்லதுக்குத்தானுங்க.”

காலையில் திரையில் கேட்ட அதே சொற்கள், அதே வரிசை. நிஜ ஆள் எது, செய்யப்பட்ட பதிலி எது என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அருமைநாயகத்தாலேயே சொல்ல முடியாது.

“அம்மாவை எங்கயும் அனுப்பமாட்டோம் சார்” என்றான் தில்லிபாபு, சிரிப்பை விடாமல். “ஆனா சர்க்கார் உத்தரவுன்னா நாம என்ன சொல்றது.” சொல்லிக்கொண்டே சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டான். பையில் நீல நிற அட்டை ஒன்றின் விளிம்பு தெரிந்தது.

கிளம்பும்போது சம்பூர்ணம் வாசல்வரை வந்தாள். மகன் கலர் பாட்டிலை எடுத்து வைக்க உள்ளே திரும்பிய நேரம், சின்னக் குரலில் கேட்டாள்: “ஐயா, அது என்னிக்கிலேர்ந்துங்க?”

“நாளைக்கு.”

தலையை ஆட்டினாள். பயந்திருக்கிறாள் பாவம் என்று நினைத்துக்கொண்டார் அருமைநாயகம். மூத்தோரின் மனநிலையைப் பற்றி முப்பது வருஷத்துக்கு மேல் ஆராய்ந்தவர் வேறு என்னதான் நினைப்பார்.

ஜீப் அலுவலகத்துக்குத் திரும்பியது.

“தப்பு பதிலிங்க மேல இல்ல சார்” என்றாள் பெனாசிர். “ஜீப் வந்து நின்னா எல்லாருமே பதிலி ஆயிடறாங்க.”

“போன்ல திட்டினாளே. அதுதானே நிஜம்?”

“இருக்கலாம்.”

“இருக்கலாம்னா?”

“ஒரு திட்டை வச்சு நாற்பது லட்சம் பேரை நிறுத்த முடியுமா? மேடம் கேட்டா என்ன காட்டுவீங்க?”

அலுவலகத்தில் கேசரி வாசம் அடித்தது. பிரிவு உபசார விழாவுக்கு நாற்காலிகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். இருவரும் பெனாசிரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கேள்வியை மாற்ற வேண்டாம், கேட்கிறவரை மாற்றிப் பார்ப்போம் என்றாள் அவள். ஒவ்வொரு பதிலிக்கும் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு குறிப்பு உண்டு. அதில் இதுவரை ‘அதிகாரி’ என்று இருந்தது. அதை அழித்துவிட்டு, ‘ரேஷன் கடை வரிசையில் பின்னால் நிற்கும் இன்னொரு ஓய்வூதியர்’ என்று எழுதினாள்.

“இப்ப வரும் பாருங்க நிஜம்” என்றாள்.

வரவில்லை. திரையில் பதில் ஓடவேண்டிய இடம் காலியாக இருந்தது. ஒன்று, பத்து, ஆயிரம். தஞ்சாவூர் பதிலிகள் பேசவில்லை, கோவை பதிலிகள் பேசவில்லை. சம்பூர்ணத்தின் பதிலியைத் தனியாகக் கூப்பிட்டார்கள். மூச்சுவிடும் ஓசைபோல் ஏதோ ஒரு சிறு இரைச்சல், அவ்வளவுதான். நாற்பது லட்சம் பேர் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று அருமைநாயகம் அன்றுதான் கேட்டார்.

“கெட்டுப்போச்சா?”

“இல்ல சார். அதுங்களுக்குத் தெரியலை. அதிகாரிகிட்ட எப்படிப் பேசணும்னு மட்டும்தான் நாம சொல்லிக் கொடுத்திருக்கோம். பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட பேசினது ஒரு வார்த்தைகூட நம்மகிட்ட இல்லை.”

ஆக, வேண்டாம் என்பதற்கும் ஆதாரம் இல்லை. வேண்டும் என்பதற்கும் இல்லை. கையிலிருந்தது ஒரு பொறுக்கிப் பட்டமும் நாற்பது லட்சம் மௌனமும். வெளியே யாரோ மைக்கைத் தட்டினார்கள்.

“உங்க பதிலியைக் கேட்போமா?” என்றாள் பெனாசிர் திடீரென்று.

“எனக்கு ஏது?”

“அறுபது ஆயிருச்சே. நேத்து ராத்திரி தானாவே உருவாயிருச்சு. மீட்டிங்ல நீங்க பேசினது முழுக்கப் படிச்சிருக்கும்.” அவருடைய அனுமதிக்குக் காத்திராமல் பச்சையை அழுத்தி, ஆணையர் கேட்பதாகக் குறிப்பு எழுதி, கேள்வியைத் தட்டினாள்: ‘நாயகம், இந்தச் சான்றில்...’

“எஸ் மேடம்” என்றது அருமைநாயகத்தின் குரல்.

கேள்வி இன்னும் முடிந்திருக்கவில்லை.

பெனாசிர் சிரிக்காமல் இருக்கப் படாதபாடு பட்டாள். அருமைநாயகம் அந்தப் பச்சைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, புதுச்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, விழாவுக்குப் போனார்.

பொன்னாடை போர்த்தினார்கள். ஆளுயர ரோஜா மாலை போட்டார்கள். அவரால் ஆணையத்தின் பெயர் ஜெனீவாவரை போனதாக ஆணையர் பேசினார். பேசி முடித்துவிட்டு, சான்று திறந்திருந்த பலகைக் கணினியை அவர் கைக்கெட்டும் தூரத்தில், கேசரித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். “ஏற்புரைக்கு முன்னாடி ஒரு கையெழுத்து, நாயகம்.”

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்தச் சொல் தொண்டை வரை வந்தது. அதற்கு வழி தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் வந்து பழக்கமில்லை.

“ஏற்புரை முடிச்சிட்டு நிதானமா போடறேன் மேடம்” என்றார்.

“சுருக்கமா பேசுங்க.”

“எஸ் மேடம்.”

மைக்கைப் பிடித்தார். ஓய்வு பெறுகிறவரின் ஏற்புரையை இடையில் நிறுத்துவதற்கு அரசு விதிகளில் இதுவரை வழி கிடையாது. அழுதாலும் கேட்க வேண்டும், அறுத்தாலும் கேட்க வேண்டும். அருமைநாயகம் தாம் பணியில் சேர்ந்த முதல் நாளின் மழையிலிருந்து ஆரம்பித்தார். அன்று குடை கொடுத்தவருக்கு நன்றி சொன்னார். குடையை அவர் திருப்பிக் கேட்ட கதையைச் சொன்னார். பழைய கட்டடத்தின் லிஃப்டுக்கு நன்றி சொன்னார். அது நின்றுபோன சந்தர்ப்பங்களையும், உள்ளே உடன் சிக்கியவர்களையும், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதையும் சொன்னார். முதல் வரிசையில் சிரித்தார்கள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். வேர்வையில் மாலை கனத்தது. ஆணையரின் புன்னகை ஒவ்வொரு பல்லாக மறைந்துகொண்டிருந்தது. ‘போதும்’ என்று ஒரு துண்டுச்சீட்டு வந்தது. அதைக் கொண்டுவந்த அலுவலக உதவியாளருக்கு நன்றி சொல்லி, அவருடைய தந்தையாரும் இதே ஆணையத்தில் இருந்ததை நினைவுகூர்ந்தார். குரல் நடுங்கியது. எல்லோரும் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்தார்கள். பயம்தான்.

ஆணையர் எழுந்து மேடைக்கு வந்தார். பலகைக் கணினியை எடுத்து அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். புகைப்படக்காரர் அதை நினைவுப் பரிசு என்று நினைத்துப் படமெடுத்தார். “போடுங்க” என்றார், உதடு அசையாமல்.

“கடைசியாக,” என்றார் அருமைநாயகம் மைக்கில், “என்னோடு பணியாற்றிய மறைந்த நண்பர்களுக்காக ஒரு நிமிடம் மௌனமாக எழுந்து நிற்போம்.”

எல்லோரும் எழுந்தார்கள். ஆணையரும் அப்படியே நிற்க வேண்டியதாயிற்று. மௌனத்தின் நடுவில், சரியாக ஐந்தே முக்காலுக்கு, பலகை மெல்லச் சிணுங்கியது. திரையில் அவர் பெயர் சாம்பல் நிறமாகி, கையொப்பம் காலாவதி என்று வந்தது.

தேசிய கீதம் முடிந்ததும் ஆணையர் அவர் காதருகே குனிந்தார். “வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, நாயகம். எதுக்கு லிஃப்ட் கதையெல்லாம்?”

“பழக்கமில்லை மேடம்.”

“உங்க கோப்பு என் மேசைல இருக்கு. ஞாபகம் இருக்கா?”

“எஸ் மேடம்” என்றார். இந்த முறை அது கொஞ்சம் வேறு மாதிரி ஒலித்தது.

படிக்கட்டில் பெனாசிர் ஓடிவந்து பிடித்தாள். “சார், சான்று இல்லைன்னா பதிலி செல்லாது. இனிமே ஆளைத்தான் நேர்ல கேக்கணும். வீடு வீடா. நாளைக்கு ஆரம்பமாகறதா இருந்தது ரெண்டு வருஷம் தள்ளிப்போகுது.” அவள் முகத்தில் சிரிப்பும் கவலையும் சண்டையிட்டன. “நாம செஞ்சது சரிதானா?”

“தெரியலைம்மா.”

ஓய்வு பெற்றவரை மாலையோடு அலுவலக வண்டியில் வீட்டில் கொண்டுபோய் விடுவது வழக்கம். அவருக்கு அரசு தரும் கடைசிச் சவாரி அது. ஏகாம்பரம் கதவைத் திறந்து பிடித்தார்.

“அண்ணா நகர்தானே சார்?”

“செங்கல்பட்டு.”

“மாலையோடவா?”

“கழட்டினா வழக்கம் கெட்டுப்போயிடும்.”

தாமதமாகும் என்று மனைவிக்குச் செய்தி அனுப்பினார். ‘இன்னைக்குமா?’ என்று பதில் வந்தது. முப்பது வருஷமாக அவருக்கு நேரான பதில் தந்துகொண்டிருந்த ஒரே ஆள். அவர்தான் அதை ஆய்வில் சேர்க்கவில்லை.

சம்பூர்ணத்தின் தெருவில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தி இறங்கிக்கொண்டு, திருப்பி அனுப்பிவிட்டார். பொன்னாடையும் மாலையுமாக, தோளில் ரோஜா இதழ்கள் உதிர, ஊர்வலத்திலிருந்து தவறிப்போன மாப்பிள்ளை மாதிரி நடந்தார். நாய் ஒன்று குரைக்கலாமா வேண்டாமா என்று யோசித்தது.

அவள் வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் பதறி எழுந்தாள். “ஐயா!”

“உட்காருங்கம்மா. நான் இப்ப ஐயா இல்லை.”

“இன்னா ஆச்சுங்க? மாலையெல்லாம்...”

“ரிட்டையர் ஆயிட்டேன். இப்பதான்.”

அவர் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தாள். “வண்டி?”

“போயிருச்சு.”

“திரும்பி வருமா?”

“இனிமே எனக்கு வராது. பஸ்லதான் போகணும்.”

“பென்ஷன் வந்துருச்சா?”

“கோப்பு மேடம் மேசைல தூங்குது. நான் செஞ்ச காரியத்துக்குச் சீக்கிரத்துல எழுந்திரிக்காது.”

சம்பூர்ணம் அவரை மேலிருந்து கீழ்வரை அளந்தாள். பெண் கைதிகளை முதல்நாள் உள்ளே வாங்கும்போது அளக்கும் பார்வை. பிறகு மெல்லக் கீழே உட்கார்ந்தாள். காலால் ஒரு மணையை அவர் பக்கம் தள்ளினாள். “உக்காரு.”

உட்கார்ந்தார். மாலை தரையில் புரண்டது.

“மகன் இல்லையா?”

“கடைக்குப் போயிருக்கான். வந்துருவான். கேக்க வந்ததைச் சீக்கிரம் கேளு.”

“காலையில கேட்டதுதான். போன்ல வேண்டாம்னு திட்டினீங்க. ஜீப்ல வந்து கேட்டேன், சரின்னீங்க. ரெண்டுல எது?”

“போன்ல பேசும்போது அவன் பக்கத்துல இருந்தான்” என்றாள். பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள். “நீ வந்தப்ப நீ இருந்த.”

தெருவில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. இருவரும் நிமிர்ந்தார்கள். அது தாண்டிப் போயிற்று.

“முப்பது வருஷம் கொத்துச் சாவி இடுப்புல தொங்குச்சு எனக்கு” என்றாள். “இப்ப என் பேங்கு கார்டு அவன் சட்டைப்பைல கீது. முதத் தேதி வந்தா ‘அம்மா, அம்மா’ம்பான். அஞ்சு தேதிக்கு மேல நான் இருக்கறதே தெரியாது. ஒரு நாளு மாத்திரை வாங்கக் காசு கேட்டேன், கதவைச் சாத்திட்டுப் போயிட்டான். வெளிப்பக்கம்.” அதைச் சொல்லும்போது குரல் மாறவில்லை. “என்னிக்கிலேர்ந்துன்னு எதுக்குக் கேட்டேன்னு நெனச்ச?”

அருமைநாயகத்துக்கு லிஃப்ட் கதை நினைவுக்கு வந்தது. குடைக் கதை. மௌன அஞ்சலி. நாளைக்கு என்று இருந்ததை அவர் பேசிப் பேசி இரண்டு வருஷத்துக்கு அப்பால் தள்ளிவிட்டு வந்திருக்கிறார்.

“அப்படின்னா... உங்களுக்குப் போகணுமா?”

சம்பூர்ணம் உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டாள். “அந்த ரூமுங்க இருக்கே. அதுல கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?”

நிறைவகத்தின் செலவுக் கணக்கு அவருக்கு மனப்பாடம். ஓர் ஆளுக்கு எத்தனை சதுர அடி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். நாற்பது லட்சம் பதிலிகளில் ஒன்றுகூட அவரைத் திருப்பி எதையும் கேட்டதில்லை. அதனால் இதை யோசிக்க வேண்டியும் வரவில்லை.

“தெரியலைம்மா” என்றார். “சத்தியமா தெரியலை.”

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பொய் சொல்லுகிறவர்களை நிறையப் பார்த்தவள். திருப்தியானதுபோல் தலையசைத்தாள்.

“போய்ப் பாத்துட்டு வா. பஸ்லயே போ, ஜீப் கேக்காத. தாழ்ப்பாள் உள்பக்கம்னா, ஒரு பையில துணியோட அன்னிக்கே நான் வரேன். எவன் தடுத்தாலும் வரேன். வெளிப்பக்கம்னா நான் வரமாட்டேன்யா. அந்தப் பக்கம் நின்னு முப்பது வருஷம் பூட்டினவ நான்.”